கை வீசி நடந்தவர்

அவர் தன் கையால் எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை. ஏழு வருடம் அவரிடம் வேலை பார்த்தேன், ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. கடையில் ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கினாலும் அடுத்த நிமிடம் அது பின்னால் வருகிறவன் கைக்குப் போய்விடும். பஸ்ஸில் ஏறினால் அவருடைய பை பக்கத்துச் சீட்டுக்காரர் மடியில் இருக்கும். "கொஞ்சம் புடிங்க" என்பார், இறங்கும்வரை திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், இரண்டு பக்கமும் தாராளமாக வீசும் வெறுங்கை. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் அந்த நடையைத் தூரத்தில் பார்த்தாலே அவர்தான் என்று சொல்லிவிடலாம்.

பேரைச் சொல்லப் போவதில்லை. மரியாதைக்காக இல்லை. அந்தப் பேர் என் வாயில் வர வேண்டாம், அவ்வளவுதான்.

என் நெற்றியில் குறுக்காக ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்த தழும்பு இருக்கிறது. ஆசிரமத்துப் பக்கம் காபி குடித்துக்கொண்டிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் அதைத் திருநீறு என்று நினைத்து என்னைப் பார்த்துக் கை கூப்புகிறார்கள். நானும் கூப்புகிறேன். வாடகைக் கார் ஓட்டுகிறவன் நெற்றி பக்தியாகத் தெரிந்தால் நல்லதுதானே. அந்தத் தழும்பு அவரால் வந்தது. அதைப் போட்ட விரல் என் அம்மாவுடையது. இரண்டையும் நான் மறக்கவில்லை.

அவருடைய தொழில் நீச்சல் குளம் பராமரிப்பு. மலை சுற்ற வருகிற ஊரில் நீச்சல் குளத்துக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். செங்கம் ரோட்டை விட்டு உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும். பணக்காரர்களின் பண்ணை வீடுகள், அறைகளை வாடகைக்கு விடும் விடுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு எருமை இறங்கும் அளவுக்கு ஒரு நீலத் தொட்டி. போர்வெல் தண்ணீர் வெயில் காலத்தில் இரண்டே நாளில் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். அதற்குக் குளோரின் போட வேண்டும். ரவையைப் போல நறநறவென்று இருக்கும் வெள்ளைத் தூள், பெரிய நீலப் பீப்பாயில் வரும். மூடியைத் திறந்தால் கண்ணில் நீர் கொட்டும். நானும் இன்னும் மூன்று பேரும் அதைச் சுமந்துகொண்டு தினமும் குளம் குளமாகப் போவோம். எங்கள் சட்டை, தலைமுடி, சாப்பிடுகிற கை எல்லாம் அந்த வாசனைதான். "உன்னைக் கட்டிக்கப் போறவ மூக்கைப் புடிச்சிக்கினுதான் கழுத்தை நீட்டுவா" என்று அம்மா கேலி செய்வாள்.

முதல் நாளே அவர் சொன்னார்: "என்னை சார் கீர்னு கூப்பிடாத. அண்ணான்னு கூப்பிடு. நாம எல்லாம் ஒரே குடும்பம்." எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அப்பாவும் என் சின்ன வயதிலேயே போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் உருகிப்போனேன். அண்ணா, அண்ணா என்று ஏழு வருடம் வாய் ஓயாமல் கூப்பிட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, அவரிடம் ஒரு வசீகரம் இருந்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்றபோது ஆஸ்பத்திரியில் யாரையோ பிடித்து, முதல் ஆளாக உள்ளே அனுப்பிவைத்தார். வெளியே பெஞ்சில் என்னோடு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். "அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன் இல்ல" என்று என் தொடையில் தட்டினார். அன்றைக்கு அவருக்காக உயிரைக் கொடுக்கச் சொன்னாலும் கொடுத்திருப்பேன். திரும்பி வரும்போது அம்மாவின் துணிப்பை, மருந்துப்பை, பிளாஸ்க் எல்லாவற்றையும் நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் முன்னால் கை வீசி நடந்து ஆட்டோ பிடித்தார்.

"ஒண்ணும் ஆவாது." அவர் வாயில் எப்போதும் இருந்த வார்த்தை அது. பீப்பாயை பைக்கில் பின்னால் உட்கார்ந்து கட்டிப் பிடித்துக்கொண்டு வரும்போது மழை தூறினால், ஒண்ணும் ஆவாது. கையுறை கிழிந்துபோனால், ஒண்ணும் ஆவாது. ஆனது எல்லாம் அடுத்தவனுக்கு என்பதால் அவர் சொன்னது ஒருவகையில் சரிதான்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போவார். சாயங்காலமே கிளம்பிவிடுவார், வெறுங்காலோடு. கழற்றிய செருப்பு என் முதுகுப் பையில் வரும். தண்ணீர் பாட்டில், போன், வாட்ச், வழியில் வாங்குகிற வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் அதே பையில். அடி அண்ணாமலைக்கு வந்ததும் எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் மோர் வாங்கிக் குடிப்பார். "பாரம் இல்லாம நடக்கணும்மா. அப்போதான் பலன்" என்பார். அம்மா என் முதுகைப் பார்ப்பாள், சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஒரு தடவை போளூர்ப் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வண்டி ரிப்பேர். பஸ்ஸில் ஏறினோம். குளோரின் பை என் காலடியில், அவர் மூன்று சீட் முன்னால் ஜன்னலோரம். பாதி வழியில் பையின் முடிச்சு அவிழ்ந்து வாசனை கிளம்பிவிட்டது. ஒரு கைக்குழந்தை இருமத் தொடங்கியது. "எவன்யா இது?" என்று கண்டக்டர் கத்தினார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். கர்ச்சீப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "இன்னாப்பா நீ, நாலு பேர் வர்ற பஸ்ல இதெல்லாம் கொண்டாரலாமா? எறக்கி விடுங்க கண்டக்டர்" என்றார்.

என்னைக் கலசபாக்கத்தில் இறக்கிவிட்டார்கள். அவர் போளூர்வரை சொகுசாகப் போனார். சாயங்காலம் பரோட்டாக் கடையில் எதிரில் உட்கார்ந்து, "எப்படி நடிச்சேன் பாத்தியா? நானும் வாயைத் தொறந்திருந்தா ரெண்டு பேரும்தான் எறங்கணும்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், அது என் தப்பும்தான். அந்தமானில் ஒரு விடுதியின் குளத்தைச் சுத்தம் செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது. கப்பலில் குளோரின் அனுப்பினால் போய்ச்சேர வாரக்கணக்காகும். விமானத்தில் அதைக் கொண்டுபோகக் கூடாது. தனியாக உட்கார்ந்து யோசித்தார். பிறகு மாட வீதிக்கு என்னை அனுப்பி, மலையும் தீபமும் அச்சடித்த திருநீற்றுக் கவர்களை ஒரு கட்டு வாங்கி வரச் சொன்னார். அரைக் கிலோ அரைக் கிலோவாகக் குளோரினை முதலில் பாலிதீன் பையில் போட்டு, அதைக் கவரில் திணித்து, வாயை மடித்து, தூள் கொட்டாமல் இருக்கப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும். அந்த இரண்டு பின் என் யோசனை. "பலே" என்று முதுகில் தட்டினார். அந்தமான் போகிற எங்கள் ஆளின் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் அதை வைத்தோம்.

"திருண்ணாமலையிலேர்ந்து போறவன் பெட்டியில திருநீறு இல்லாம இருக்குமா? எவன் பிரிச்சிப் பாப்பான்? கண்ணுல ஒத்திக்கினு விட்ருவான்" என்றார். அப்படித்தான் நடந்தது. அந்த ஆள் பத்திரமாகப் போய்ச்சேர்ந்தான். அவனிடம் சொல்லக்கூட இல்லை, போன பிறகு போனில்தான் சொன்னோம். அன்றைக்கும் நான் சிரித்தேன்.

பிறகு எனக்கு ஒரு வேலை வந்தது. மாலத்தீவில் ஒரு ஓட்டல், நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சொந்தமாகத் தேடிக்கொண்டது, அவருடைய சிபாரிசு இல்லை. விசா வந்தது, டிக்கெட் வந்தது. செங்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார்கள், போய்விட்டு முதல் லீவில் வந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அம்மா தினமும் அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் அவர் வீட்டுக்கே வந்தார். வழக்கம்போல வெறுங்கை. பின்னால் ஒரு ஆள் மஞ்சள் பையோடு வந்தான். "உன் ஓட்டலுக்குப் பக்கத்துத் தீவுல நம்ம ஊர்ப் பசங்க நாலு பேர் குளத்து வேலை செய்றாங்க. ஊரை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆவுது, பாவம். கோயில் பிரசாதம் கேட்டாங்க. போறதே போற, பெட்டியில போட்டுக்கினு போ. அவங்களே வந்து வாங்கிப்பாங்க" என்றார். வெளிநாடு போகிறவனிடம் ஊரே ஒரு பொட்டலம் கொடுக்கும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரம்மாவின் வடாமும் எதிர் வீட்டு நார்த்தங்காயும் ஏற்கெனவே பெட்டியில் இருந்தன. மஞ்சள் பையைப் பிரித்தேன். நான்கு திருநீற்றுக் கவர்கள். ஒவ்வொன்றின் வாயிலும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பின்.

பார்த்தேன். கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. அடுத்தவனுக்குச் செய்வார், நமக்குச் செய்ய மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. அண்ணா இல்லையா?

மறுநாள் காலை குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றேன். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. ஊறுகாய்ப் பாட்டிலின் மூடி சரியாக இருக்கிறதா என்று அம்மா கடைசியாகப் பெட்டியைத் திறந்தாள். மேலேயே கோயில் கவர். "திருநீறே இருக்குது, வா கண்ணு இங்க" என்று பின்களைப் பிடுங்கி, உள்ளே இருந்த பாலிதீன் பைக்குள் விரலை விட்டு எடுத்தாள். என்மேல் எப்போதும் அடிக்கிற வாசனை என்பதால் அவளுக்கு அந்த வாசனை புதிதாகத் தெரியவில்லை.

"இன்னாடா, நறநறன்னு இருக்குது?"

"புதுசா வந்திருக்கும்மா. நேரமாச்சு, சீக்கிரம்."

கட்டைவிரலால் ஈர நெற்றியில் அழுத்தி இழுத்தாள். ஒரு தடவை போதாது என்று மூன்று தடவை இழுத்தாள். நல்லா இருக்கணும், நல்லா இருக்கணும் என்று ஒவ்வொரு தடவைக்கும் சொன்னாள்.

செஞ்சி தாண்டும்போது நெற்றி எரிந்தது. ஜன்னல் வெயில் என்று நினைத்தேன். துண்டால் துடைத்தேன், இன்னும் பரவியது. திண்டிவனத்தில் தண்ணீர் விட்டுக் கழுவினேன். குளோரின் எரிச்சல் எனக்குத் தினமும் பழகியது, அதனாலேயே சந்தேகம் வரவில்லை. விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோது பின்னால் இருந்த அம்மா ஒருத்தி, "தம்பி, நெத்தியில தோல் வழண்டிருக்கே" என்றாள்.

பெட்டியைக் கொடுத்து அரை மணி நேரத்தில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஓர் அறையில் என் பெட்டி மேஜைமேல் இருந்தது. அங்கே இருந்த அதிகாரி கவரைக் கையில் எடுத்ததும் நிஜமாகவே கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் வாசனை ஏறியது. கவரைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைப் பார்த்தார்.

"இது இன்னான்னு தெரியுமா உனக்கு? சூடு ஏறி, எண்ணெயோட ஊறுகாயோட கலந்துச்சுன்னா தானா பத்திக்கும். ஆகாசத்துல, பெட்டிங்க அடுக்கியிருக்கிற எடத்துல. மேல உக்காந்திருக்கிற அத்தனை ஜனமும் கருகிப் போவும்."

அந்த நிமிடம்தான் எனக்குப் பயம் வந்தது. என் நிலைமைக்காக மட்டும் இல்லை. அந்தமான் விமானம் ஞாபகம் வந்தது.

"எனக்குத் தெரியாது சார். எங்க அண்ணா குடுத்தார். பிரசாதம்னு சொன்னார்." நம்பரைக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார்கள். நான் இருக்கேன் இல்ல என்று தொடையில் தட்டிய மனிதர். எதையாவது சொல்லிக் காப்பாற்றுவார்.

அதிகாரி என் பேரைச் சொல்லி, தெரியுமா என்று கேட்டார். அந்தப் பக்கம் அவருடைய கணீர்க் குரல்.

"அந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாதுங்களே."

விமானம் போய்விட்டது. அன்று முழுவதும், அடுத்த நாளும் விசாரணை. ஒரே கேள்வியை நான்கு பேர் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். கடைசியில் மேலதிகாரி ஒருவர் வந்து என்னை உற்றுப் பார்த்தார். "இதுல இன்னா இருக்குன்னு தெரியாமத்தான் எடுத்தாந்தியா?" என்றார். "தெரிஞ்சிருந்தா நெத்தியில பூசிப்பேனா சார்?" என்றேன். அவர் எழுதி வாங்கிக்கொண்டு என்னை அனுப்பினார். அம்மா இழுத்த கோடுதான் என்னை வெளியே கொண்டுவந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தாள். தோல் உரிந்து வந்திருக்கிறது. என் நெற்றியைப் பார்த்தவள் தன் விரலைப் பார்த்தாள். அவளாகவே புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் யார் நெற்றியிலும் கை வைப்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் திருநீற்றுத் தட்டை நீட்டுவாள், அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அப்படித்தான். ஏழு வருடமாக.

ஓட்டல்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். ஊரில் கதை வேறு மாதிரி பரவியது. பவுடர் கடத்தி மாட்டிக்கொண்டான் என்றார்கள். என்ன பவுடர் என்று யாரும் கேட்கவில்லை. செங்கத்துப் பெண் வீட்டார் ஆள் அனுப்பி முடித்துக்கொண்டார்கள். அவரிடம் விசாரித்தவர்களுக்கு அவர் சொன்ன பதில் என் காதுக்கு வந்தது: "நல்ல பையனாத்தான் இருந்தான். சேர்க்கை சரியில்ல போல."

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தார். என் நெற்றிக் கட்டைப் பார்த்து, "ஒண்ணும் ஆவல இல்ல?" என்றார். "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "யோசிச்சிப் பாருடா. நானும் மாட்டியிருந்தா உன்னை வெளிய எடுக்க யார் இருக்கா?" என்றார். எடுக்க அவர் வரவில்லை என்பதை அவரிடம் சொல்ல வேண்டியதாக இருந்தது. அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். அம்மா உள்ளேயிருந்து வந்து வாசல் கதவைச் சாத்தினாள். அவர் படியில் நின்றுகொண்டிருக்கும்போதே சாத்தினாள்.

நான் லைசென்ஸ் எடுத்து வாடகைக் கார் ஓட்டத் தொடங்கினேன். திருவண்ணாமலையிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குச் சவாரி ஜாஸ்தி. ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டிடத்தின் வாசல்வரை போய், அடுத்தவர்கள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினேன். ஒவ்வொரு தடவையும் அவரை நினைத்தேன். இப்படி ஒரு வெறி ஆறு வருடம் ஆறாமல் இருக்குமா என்று கேட்டால், இருக்கும். கண்ணாடியில் முகம் பார்க்கிற ஒவ்வொரு நாளும் புதிதாக இருக்கும்.

சென்ற வருடம் அவரே போன் செய்தார்.

"பழசை எல்லாம் மனசுல வெச்சிக்காதடா. சிங்கப்பூர்ல நம்ம பொண்ணுக்குக் கொழந்தை பொறந்திருக்குது. ஞாயித்துக்கெழமை பேர் வெக்கிறாங்க, தாத்தன் மடியில வெச்சித்தான் வெக்கணும்னு பொண்ணு ஒத்தைக் கால்ல நிக்குது. சனிக்கெழமை ராத்திரி பிளைட்டு. நீயே வண்டி எடுத்துட்டு வா. நம்ம ஆளுன்னா எனக்கு நிம்மதி."

"சரிங்க சார்" என்றேன்.

"இன்னாடா சார்ன்ற? அண்ணான்னு கூப்பிடுடா."

சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு நாள் குளோரினையே வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அது எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் அந்த அதிகாரி சொன்னது ஞாபகம் வந்தது. என் கோபம் அவர்மேல், கூடப் பறக்கிற ஜனங்கள்மேல் இல்லை. நான் அவர் இல்லை. மாட வீதிக்குப் போனேன். மலையும் தீபமும் அச்சடித்த கவரில் அசல் திருநீறு, இரண்டு பொட்டலம் வாங்கினேன். வாயை மடித்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பின் அடித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு வாசலில் பெரிய பெட்டி தயாராக நின்றது. அவர் பாட்டுக்குக் கை வீசிக்கொண்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். நான் தூக்கிவைத்தேன். திண்டிவனம் தாண்டி டிபன் சாப்பிட இறங்கினார். பெட்டியின் வெளிப்பக்கத்து ஜிப்புக்குப் பூட்டு இல்லை. இரண்டு பொட்டலத்தையும் அதில் வைத்து மூடினேன். நெய் தோசை வேண்டுமா என்று அவர் உள்ளேயிருந்து கேட்டபோது வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

விமான நிலையத்தில் வாசல்வரை தள்ளுவண்டியை நான் தள்ளிக்கொண்டு போனேன். உள்ளே நமக்கு அனுமதி இல்லை. அவர் சுற்றும் முற்றும் பார்த்து, ஒரு சின்ன பையோடு வந்த இளைஞனிடம், "தம்பி, கொஞ்சம் புடி" என்று வண்டியை ஒப்படைத்துவிட்டு அவன் பின்னால் போனார்.

முக்கால் மணி நேரம் கழித்து, வெளியே காரில் இருந்தபடி போன் செய்தேன்.

"பெட்டியைக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்டா. உள்ள போயிடுச்சு. இப்போதான் கை காலியா, நிம்மதியா இருக்குது."

"நீங்களே அடுக்கினதான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஆமான்னேன்."

"அதுல ரெண்டு கவர் வெச்சிருக்கேன். அன்னைக்கி நீங்க என் பெட்டியில வெச்சீங்களே, அதே கவர். ரெண்டு ரெண்டு பின் அடிச்சிருக்குது."

"டேய்..."

"ஒண்ணும் ஆவாதுண்ணா" என்றேன். ஆறு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அண்ணா என்று கூப்பிட்டேன்.

அவர் போனை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. எனக்கு எல்லாம் கேட்டது. செருப்புச் சத்தம், அவர் ஓடுகிற சத்தம். அவர் ஓடி நான் கேட்டதே இல்லை. பிறகு கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அவருடைய குரல், கணீர் எல்லாம் போய்க் கீச்சென்று.

"மேடம், மேடம், அந்தப் பெட்டி என்னுது இல்லைங்க."

"சார், உங்க பேர்லதானே டேக் இருக்கு?"

"பேர் என்னுதுதான் மேடம். பெட்டி என்னுது இல்ல. டிரைவர் ஒருத்தன் குடுத்தான். அவன் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

அதற்குமேல் நான் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. ஆனாலும் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தத் திருநீறு சிங்கப்பூர் போய்ப் பேரக் குழந்தை நெற்றியில் ஏறியிருக்கும். இல்லை, பெட்டியில் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். தன் பெட்டியைத் தன்னுடையது இல்லை என்று ஒருவர் விமான நிலையத்தில் கத்தினால் சும்மா விடுவார்களா? ஆளையும் பெட்டியையும் ஓரங்கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் அதிகாரி அவர் போனிலிருந்தே என்னிடம் பேசினார்.

"பெட்டியில இன்னா வெச்ச?"

"திருநீறு சார். மாட வீதியில வாங்கினது. கொழந்தைக்குப் பேர் வெக்கப் போறார் இல்ல, வெறுங்கையோட போவாரேன்னு வெச்சேன். எங்க ஊர் வழக்கம்."

"அதை ஏன்யா இந்தாளு குண்டு வெச்ச மாதிரி கத்தறாரு?"

"தெரியலையே சார். அவரைத்தான் கேக்கணும்."

அவர் எதைச் சொல்லுவார்? சொன்னால் பழைய கதை முழுவதும் வெளியே வரும். திருநீற்றைப் பரிசோதித்து, அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டு விடுவதற்குள் விமானம் போய்விட்டது. மறுநாள் அதிகாலை விமானத்தில் இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு வேறு யார் மடியிலோ வைத்துப் பேர் வைத்தார்கள்.

அவர் வெளியே வந்து கூப்பிட்டபோது நான் திண்டிவனம் வந்துவிட்டேன். "எங்கடா இருக்க? வந்து ஏத்திக்கோ. பெட்டி கனமா இருக்குது" என்றார். அழுகிற குரல்.

"நான் யாருன்னே தெரியாதுன்னு சொன்னீங்களே. தெரியாத ஆள் வண்டியில ஏறாதீங்க" என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே கேட்டாள், முடித்ததும், "அந்தப் பொண்ணுக்கு இன்னா கொழந்தை?" என்றாள். தெரியாது என்றேன். "அது இன்னா பண்ணுச்சு, பாவம்" என்று எழுந்துபோய் அரிசி களைந்தாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. அவளுக்காகவும்தானே செய்தேன்? வீட்டுக்கென்று தனியாக இன்னொரு பொட்டலம் திருநீறு வாங்கி வந்திருந்தேன், அவள் கையால் எனக்குப் பூசச் சொல்லலாம் என்று. அது இன்னும் பிரிக்காமல் சாமி மாடத்தில் இருக்கிறது. வருத்தமா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்லுவேன். அந்தக் குழந்தையை மட்டும் எப்போதாவது நினைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டு ஓரம் அவரைப் பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. நடை மாறியிருந்தது. ஒரு தோள் இறங்கியிருந்தது. கையில் ஒரு பை, அவருடைய சொந்தக் கையில். கண்டக்டர் ஒருவர், "குடுங்க சார், மேல வெக்கிறேன்" என்று கை நீட்டினார். இவர் பையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு விலகினார். ஒரு ஓரமாகப் போய், ஜிப்பைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்து மூடினார். நான்கு அடி நடந்ததும் மறுபடியும் திறந்து மோந்தார்.

காரை மெதுவாக அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினேன்.

"கனமா இருக்குதாண்ணா?" என்றேன். "குடுங்க, நான் தூக்கியாறேன்."

அவர் பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, என் நெற்றியைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தார்.